நிறுத்தினால் கிளம்பாத கார்

முதல் தடவை அது நடந்தது பெரம்பலூரில், ஆஸ்பத்திரி வாசலில். மாமியாருடைய கால் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நானும் ஆஸ்பத்திரி ஆயாம்மாவும் சேர்ந்து அவரைக் காரின் பின்சீட்டில் ஏற்றினோம். காலை நீட்டிவைத்து, அடியில் தலையணை கொடுத்தோம். நான் முன்னால் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். அதோடு சரி.

மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் டக். வெளியே நல்ல வெயில். கண்ணாடியை இறக்கிவிட்டு, துண்டை நனைத்து மாமியின் முகத்தைத் துடைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் போயிருக்கும். வேறு வழியில்லாமல் மீண்டும் திருப்பியபோது, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. வீடு வந்து சேரும்வரை எங்கேயும் நிறுத்தவில்லை. எறையூர்ப் பக்கம் கரும்பு டிராக்டர்கள் வழியை மறித்து நின்றபோதும் இன்ஜினை ஆஃப் பண்ணாமல் காத்திருந்தேன்.

அது என் மாமனார் வாங்கிய டீசல் கார். வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டிப் பழசானதுதான். மாமா மவுத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு வெகுகாலம் சும்மா கிடந்தது. என் கணவர் கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது அதைத் தூசி தட்டி, ஒயரிங் முழுவதையும் பார்த்துச் சரிசெய்தார். என்னையும் பெரம்பலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். "அம்மாவ வெச்சுக்கிட்டு நீ யார் வாசல்லயும் போயி நிக்கக் கூடாது, புள்ள" என்றார். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் அப்போது கார் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான்.

அவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பெரம்பலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தொழிலைக் கற்றுக்கொண்டு, அந்தக் கையோடு பயணம் போனவர். எங்கள் ஊரில் பயணம் என்றால் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போவது ஒன்றுதான். அங்கே ஒரு பெரிய கேரேஜில் வேலை. முதலில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தார். பிறகு அதுவும் தள்ளிக்கொண்டே போனது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போனில் பேச்சு வருஷத்துக்கு வருஷம் சுருங்கிவிட்டது. சாப்பாடு, மாமியின் சர்க்கரை அளவு, அங்கே வெயில், இங்கே மழை. அதற்கப்புறம் அடுத்த ஆள் ஏதாவது சொல்லட்டும் என்று இரண்டு பேரும் காத்திருப்போம். கடைசியில் அவர்தான் "நெட்டு சரியில்ல, வெக்கிறேன்" என்பார். நெட் நன்றாகவே இருக்கும்.

கார் நின்ற மறுநாள் காலையில் அவர் கூப்பிட்டபோது, சொல்வதற்கு விஷயம் ஒன்று கிடைத்ததே என்றுதான் சொன்னேன். மறுமுனையில் குரலே மாறிப்போனது.

"என்ன சத்தம் கேட்டுச்சு? டக்குனு ஒரு தடவையா, டகடகடகன்னு விடாமயா?"

"ஒரு தடவதான்."

"டேஷ்போர்டு லைட்டு எரிஞ்சுச்சா?"

"பாக்கல மச்சான்."

"பாத்திருக்கணும் புள்ள. அதப் பாத்தாத்தானே எங்க கோளாறுன்னு தெரியும்?"

அதட்டல்தான். ஆனால் அவர் என்னை அதட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வீட்டில் இருக்கிற ஒரு ஆம்பளை பேசுகிற மாதிரி இருந்தது அது. அன்றைக்கு அரை மணி நேரத்துக்குமேல் பேசினோம். அடுத்த தடவை நின்றால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். லைட் மங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். மங்காமல் அப்படியே எரிந்தால் பேட்டரியில் கரன்ட் இருக்கிறது, அது செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். செல்ஃப் மோட்டார் சுற்றினால்தான் இன்ஜின் உயிர் பெறும். இதையெல்லாம் ஸ்கூல் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

பெரம்பலூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அங்கே கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆஃப் பண்ணினார், ஸ்டார்ட் பண்ணினார், மறுபடி ஆஃப் பண்ணினார். ஒவ்வொரு தடவையும் தங்கமாக எடுத்தது.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

"நின்னுச்சுங்க. நெசமாத்தான் சொல்றேன்."

"பொய்னு சொல்லலீங்கம்மா. எங்கிட்ட ஒரு தடவ நின்னா கண்டுபுடிச்சிருவேன். ஓடுற வண்டியில நான் எதப் போயி தேடுறது?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினார். பேட்டரியே மாறியது. அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி உள்ளே தேய்ந்திருந்த கார்பனை மாற்றினார். சாவி போடுகிற சுவிட்சையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். சரியாகிவிட்டது என்று நம்பத் தொடங்குவேன். பிறகு ஒருநாள் மருந்துக் கடை வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ அதே டக்.

பின்சீட்டில் நீட்டிய காலோடு மாமி உட்கார்ந்திருப்பார். அவரை இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றுவது சுலபமில்லை. ஆட்டோவில் அந்தக் காலை நீட்ட முடியாது. வாடகைக் காருக்குப் போன் செய்தால், முகூர்த்த நாளாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. வெளியே போய்வந்து வீட்டு வாசலில் நிறுத்திய கார் மறுபடி எடுக்காவிட்டால் அவரே, "வேணாம்மா, நாளைக்குப் போவலாம்" என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு தடவையும் ஏற்றி இறக்கும்போது அவருக்கு எப்படி வலித்தது என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் சரி என்பேன். அப்படிச் சில நாட்கள் புண் கழுவாமலே போயின.

மேடான இடமாகப் பார்த்து நிறுத்தப் பழகிக்கொண்டேன். சரிவில் உருட்டி, கியரைப் போட்டு கிளட்சை விட்டால் செல்ஃப் இல்லாமலே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எங்கே போனாலும் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் கண் முதலில் பார்க்கும். பெரம்பலூரில் அப்படி இடம் அதிகமில்லை.

புண் ஆறவில்லை. பெரம்பலூர் டாக்டர், அரியலூரில் சர்க்கரைப் புண் பார்க்கிற ஒரு சர்ஜனிடம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அங்கே போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை ஆஃப் பண்ணியிருக்கவே கூடாது. ஆனால் காருக்குள் டீசல் புகை வந்து மாமி இருமினார், ஆஃப் பண்ணிவிட்டேன். ரயில் போய் கேட் திறந்தது. டக்.

பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரே நேரத்தில் எல்லா ஹாரனும் அடித்தது. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் ஞாபகம் வந்தது. போட்டுத் திருப்பினேன். முன்னால் நின்ற வேனின் முதுகில் விழுந்த வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. ஒருவர் ஜன்னலில் குனிந்து, "பொம்பளைங்களுக்கு எதுக்குங்க இந்த வேல?" என்றார். இன்னொருவர் அவரைத் தள்ளிவிட்டு, "ந்யூட்ரல்ல போடுங்க, ஓரமாத் தள்ளிருவோம்" என்றார். நாலைந்து பேர் தள்ளினார்கள். கார் குலுங்கியபோது மாமி வாயில் துணியைக் கடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். சத்தம் வெளியே வந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பார்.

தள்ளிய வேகத்திலேயே கியரைப் போட்டு கிளட்சை விட்டேன், இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சர்ஜன் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

மறுநாள் கணவரிடம் லைட் மங்காததைச் சொன்னேன். "அப்படிச் சொல்லு! பேட்டரி இல்ல. ஒயர்லதான் இருக்கு" என்று கத்தினார். ஒரு மீட்டர் வாங்கச் சொன்னார். கரன்ட் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று அளக்கிற சின்னப் பெட்டி, சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று. பெரம்பலூரில் எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டபோது கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். காரிலேயே வைத்திருந்தேன். கார் நிற்கிற நேரத்தில் அளந்தால்தான் கோளாறு தெரியும். ஓடுகிற நேரத்தில் எல்லா அளவும் சரியாகத்தான் காட்டும். ஆனால் அது நிற்பது பெரும்பாலும் மத்தியானத்தில். கேரேஜில் இப்போது தனக்கு நைட் டூட்டி என்றும், மத்தியானம் தூங்கிவிடுவதாகவும் அவர் சொல்லியிருந்தார். காலையில் மட்டும்தான் பேசக் கிடைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக்காரர் ஒருவர் லீவில் வந்தார். அவரும் அதே ஊரில்தான் வேலை பார்க்கிறார். என் கணவர் கொடுத்தனுப்பிய பால்பவுடர் டப்பா, சோப்பு, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்து வைத்தார். டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினார். நான், "கேரேஜ்ல வேல ரொம்பக் கஷ்டமாங்க? நைட் டூட்டின்னு சொன்னாரு" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தக் கேரேஜுங்க?"

"அவரு வேல பாக்குற கேரேஜுதான்."

"அது மூடி ரொம்ப நாளாச்சேம்மா. உங்களுக்குத் தெரியாதா?" கேட்ட பிறகுதான் தப்பாகப் பேசிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். கேரேஜ் முதலாளி ஆட்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். விசா, பேப்பர் எதுவும் சரியில்லை. இப்போது பஸ்கள் நிற்கிற ஒரு ஷெட்டில் ராத்திரியில் தண்ணீர் அடித்துக் கழுவுகிற வேலை. ஊருக்குக் கிளம்பினால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். கிளம்பிவிட்டால் திரும்பவும் போக முடியாது. "ஊர்ல சொல்லிறாதன்னுதான் எங்கிட்ட சொன்னாரு. நான் பாருங்க, ஒளறிட்டேன்."

அவர் போன பிறகு அறைக்குள் போனேன். மாமி விழித்துத்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது. சுவரைப் பார்த்தபடி, "அவன்கிட்ட கேக்காதம்மா" என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகையும் வரவில்லை. என் கணவர் தினமும் காலையில், பஸ்களைக் கழுவி முடித்த கையோடு வந்து, எனக்கு ஒயர் ஒயராகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் காலையில் போன் வந்தது. திரையில் எப்போதும்போல் அவர் முகமும், பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும். கண் சிவந்திருந்தது.

"வண்டி எப்படி இருக்கு?"

"நேத்து எடுக்கல மச்சான்." சும்மா சொல்லவில்லை, முந்தின நாள் மருந்துக் கடை வாசலில் நிஜமாகவே எடுக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, "இந்த மாதிரி கோளாறு உங்க கேரேஜுக்கும் வருமா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சொல்லிவிடட்டும் என்றா, இல்லை சொல்லாமல் இருக்க ஒரு வழி கொடுத்தேனா?

"வராம? நேத்துகூட ஒண்ணு வந்துச்சு" என்றார். பெரிய வண்டி, மூன்று பேர் பார்த்துக் கைவிட்டது, கடைசியில் தானே போய்க் கண்டுபிடித்ததாகச் சொன்னார். எந்த ஒயர், எப்படிச் சோதித்தார் என்று விலாவாரியாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. நான் நடுவில் சந்தேகம் கேட்டேன். பதில் சொன்னார். அவர் போனை வைத்த பிறகு அடுப்பை மூட்டக் கை வரவில்லை. மாமிக்கு அன்று காலைச் சாப்பாடு நேரம் தப்பிப்போனது.

கோளாறு பிடிபட்டது அரியலூருக்கு மறுபடி போக வேண்டிய நாள் காலையில். நான் டீசல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, மாமியை ஏற்றுவதற்காக வாசலில் ஆஃப் பண்ணியிருந்தேன். மாமி உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியை டிரைவர் பக்கக் கதவருகே கொண்டுவந்துவிட்டு, ஒரு தடவை திருப்பிப் பார்ப்போம் என்று திருப்பினேன். டக். அதே நிமிஷம் போன் அடித்தது.

"மச்சான், இப்ப நின்னிருக்கு. வீட்டு வாசல்ல."

"எதையும் தொடாத!" என்றார். "மீட்டர எடு. பானெட்டத் தொற. போன எனக்குத் தெரியிற மாதிரி வை."

கறுப்பு ஒயரைப் பேட்டரியின் மைனஸ் முனையில் வைக்கச் சொன்னார். சிவப்பை இன்ஜினின் இரும்பில், துரு இல்லாத இடமாகப் பார்த்து அழுத்தச் சொன்னார். இரண்டு கையும் அதிலேயே இருந்தது. "சாவிய யாராவது திருப்பணும்" என்றார்.

"நான் திருப்புறேன்" என்றார் மாமி. நாற்காலியிலிருந்தபடியே திறந்த கதவு வழியாகக் கையை நீட்டி, பிஸ்மி சொல்லித் திருப்பினார். கார் டக் என்றது. மீட்டரில் நம்பர் குதித்து ஏறியது.

"எவ்வளவு?"

"ஒம்பதுக்கு மேல காட்டுது."

"பூஜ்யம் காட்டணும் புள்ள, பூஜ்யம்! எர்த்து போச்சு. இன்ஜின்லேருந்து பேட்டரிக்குத் திரும்புற ஒயரு."

டிக்கியில் சும்மா கிடந்த, வண்டிக்கு வண்டி கரன்ட் கொடுக்கிற ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்குப் போடச் சொன்னார். போட்டேன். மாமி மறுபடியும் திருப்பினார். இன்ஜின் ஒரே உறுமலில் எடுத்தது. ஆஃப் பண்ணித் திருப்பினார், எடுத்தது. கேபிளைக் கழற்றினேன், எடுக்கவில்லை. மாட்டினேன், எடுத்தது. போனில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. "அம்மா, நீயும் மெக்கானிக் ஆயிட்ட!" என்றார். மாமியும் சிரித்தார். மகனின் முகத்தைப் பார்க்கிறேன் என்று போனைக் கையில் வாங்கியவர், பார்த்தபடியே இருந்தார்.

கேபிளை அப்படியே கட்டிக்கொண்டு பெரம்பலூர் போனோம். மெக்கானிக் அந்த எர்த் ஒயரைக் கழற்றி, மேல் உறையைக் கீறிக் காட்டினார். வெளியே புதுசு மாதிரி இருந்த ஒயர் உள்ளே பச்சையாகப் பொடிந்திருந்தது. இன்ஜின் சூடானால் சில நேரம் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். புது ஒயர் போட அவருக்கு அதிக நேரமாகவில்லை. அங்கிருந்து நேராக அரியலூர் போனோம். ரயில்வே கேட்டில் வேண்டுமென்றே ஆஃப் பண்ணினேன். கேட் திறந்ததும் முதலில் நகர்ந்தது எங்கள் கார்தான்.

சர்ஜன் கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்.

"நடுவுல சில நாள் வர முடியாமப் போச்சுங்க சார். வண்டி கோளாறு. அதனாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. எலும்புக்குப் போயிடுச்சு."

"இல்லைன்னு சொல்ல முடியுமா சார்?"

அவர் அட்மிஷன் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

கணவரிடம் சொன்னேன். "நான்தான் வண்டியக் கண்டுபுடிச்சிட்டேனே" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. நான், "வந்திருங்க மச்சான். எப்படியாச்சும் வந்திருங்க" என்றேன். அன்றுவரை கேட்காததை அன்று கேட்டேன்.

"கேரேஜ்ல கேட்டுப் பாக்குறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, "லீவு குடுக்க மாட்டேங்கிறான், புள்ள" என்றார். மூடிப்போன கேரேஜ் அவருக்கு லீவு தர மறுத்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட வாய் துடித்தது. மாமியைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. நான் சரி என்றேன்.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் நான் மட்டும்தான் இருந்தேன். கையெழுத்து வாங்க வந்தவர், மகன் எங்கே என்று கேட்டார். பயணத்தில் இருக்கிறார் என்றேன்.

அதன் பிறகு மாமி வீட்டை விட்டு வெளியே வர விரும்பவில்லை. செயற்கைக் கால் பற்றிச் சொன்னார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்திரியில் இல்லாத காலில் அரிக்கிறது என்பார். நான் படுக்கையில் அந்த வெற்றிடத்தைச் சொறிவதுபோல் விரல்களை அசைப்பேன். கொஞ்சம் பரவாயில்லை என்பார்.

கார் ஒழுங்காக ஓடுகிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. சில காலைகளில் கணவர் வேறு ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்கிறார். ஹாரன் சரியாக அடிக்கிறதா, ஒயிப்பர் சரியாக ஓடுகிறதா, லைட் எரிகிறதா? எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறேன். பொய்யாகவாவது ஒரு கோளாறு சொல்லலாமா என்று யோசித்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பொய் சொல்லித் தப்ப முடியாது. எந்த இடத்தில் எந்த நம்பர் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

நேற்று மாமியைக் குளிப்பாட்டியபோது, மிச்சமிருக்கிற காலின் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். அவருக்கு அந்த இடத்தில் உணர்ச்சி கிடையாது, அதனால் தெரிந்திருக்கவில்லை. துடைத்துவிட்டு, சேலையை இழுத்து மூடிவிட்டேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலையில் அரியலூர் போக வேண்டும்.